வெறுவயிறும் விஞ்ஞானமும்: உபவாசம் பற்றிய உடற்றொழிலியற் சிந்தனையின் சமூக அடிப்படைகள்

தமிழ் வழக்கில் உணவின்மை இரு வகைப் பெயர்களாற் சுட்டப்படுகின்றது. ஒருவர் தாமே விரும்பி உணவை ஒழிக்குமிடத்து அது நோன்பு, விரதம், உபவாசம் எனப் பெயர் பெறும். உண்ண விரும்பியும் உணவு கிடையாதவிடத்து அது பசி, பட்டினி எனப்படும். முதற் சில மணிநேரங்களைப் பொறுத்தமட்டில் இரைப்பை இவ்விரண்டுக்குமிடையே வேறுபாடு காண்பதில்லை. ஆயினும் முன்னதைப் பண்டை மருத்துவர் மருந்தென்றனர். பின்னதை மணிமேகலை பிணியென்றது. ஒரே உடல்நிலை ஓரிடத்தில் மருந்தாகவும் பிறிதோரிடத்திற் பிணியாகவும் கொள்ளப்பட்டதன் காரணத்தை உடலுக்குள் மட்டுமன்றிச் சமூகத்துள்ளும் தேட வேண்டியவர்களாகின்றோம்.

அண்மைக் காலத்தில் 'இடைவிட்ட உபவாசம்' என்னும் பெயரில் உணவு முறைகள் சில உலகெங்கும் பரவியுள்ளன. நாளொன்றில் 16 மணிநேரம் உண்ணாதிருந்து எஞ்சிய 8 மணிநேரத்துள் உணவை முடித்துக்கொள்ளுதல், வாரத்தில் இரு நாட்களுக்கு உணவைப் பெரிதுங் குறைத்தல், ஒன்றைவிட்ட ஒரு நாள் உண்ணாதிருத்தல் என்பன அவற்றுள் முக்கியமானவை. இவற்றாற் சமிபாட்டுத் தொகுதி ஓய்வு பெறுகின்றதென்றும், குடல் தூய்மையடைகின்றதென்றும் கூறப்படுகின்றது. இக்கூற்றுகளுக்கு ஆதாரமான அறிவு எவ்வாறு தோன்றியது, எவருடைய உடல்களிலிருந்து பெறப்பட்டது, எவருக்கு அது பொருந்தும் என்னும் மூன்று வினாக்களை வரலாற்று அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அரசியற் கோரிக்கைகளுக்காக மேற்கொள்ளப்படும் உண்ணாநோன்பு இதன் எல்லைக்கு அப்பாற்பட்டது.

1. மரபு வகுத்த எல்லைகள்

இந்திய மருத்துவ மரபில் உணவொழித்தல் தனியொரு சிகிச்சை முறையாக வகுக்கப்பட்டிருந்தது. சரக சங்கிதையின் சூத்திரத்தானத்து 22ஆம் அத்தியாயம் உடலை இலேசாக்கும் முறைகளை 'இலங்கனம்' என்னும் பெயராற் சுட்டிப் பத்து வகைகளாகப் பிரிக்கின்றது. உபவாசம் அவற்றுள் ஒன்று மாத்திரமே. அதே அத்தியாயம் உடலைப் பெருக்கும் சிகிச்சையையும் உடன்வைத்துக் கூறுவதும், மெலிந்தோருக்கும் நலிந்தோருக்கும் அதனையே விதிப்பதும் மனங்கொள்ளத்தக்கன. அதாவது, உபவாசத்தை மருந்தெனக் கூறிய நூலே அது யாவர்க்கும் உரிய மருந்தன்று என்பதையும் வற்புறுத்தியது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும் இவ்வகையிற் கருதற்பாலது. முன்னுண்டது செரித்தமையை அறிந்து பின் உண்பதையே அது வற்புறுத்துகின்றது. நாட்கணக்கில் உண்ணாதிருத்தலை அது விதிக்கவில்லை.

சமய வழக்குகளும் தத்தமக்குரிய எல்லைகளை வகுத்துக்கொண்டன. சைவர் கந்தசஷ்டி முதலிய விரத நாட்களில் 'ஒருபொழுது' உண்பர். பௌத்த பிக்குகள் நண்பகலுக்குப் பின் திண்ணுணவு கொள்வதில்லை. போயா தினத்திற் சீலம் அனுட்டிப்போரும் அவ்விதியைக் கைக்கொள்வர். இஸ்லாமியர் றமழான் மாதத்திற் பகல் முழுவதும் உண்ணாது, பருகாது நோன்பிருந்து, கதிரவன் மறைந்தபின் நோன்பு திறப்பர். நோயாளர், பயணிகள் முதலியோருக்கு அதில் விலக்களிக்கப்பட்டுள்ளது. இவை யாவற்றுக்கும் பொதுவான பண்பொன்றுண்டு. நோன்பு தொடங்கும்போதே அது முடியும் வேளையும் தெரிந்திருக்கும். அவ்வேளையில் உணவு கிடைக்கும் என்னும் உறுதியும் உண்டு. நோன்புக்கும் பட்டினிக்குமிடையே உள்ள எல்லைக்கோடு இவ்வுறுதியே எனலாம்.

2. கூலிக்கு வாங்கப்பட்ட இரைப்பை

இரைப்பையினுள் நிகழ்வனவற்றை நேரிற் கண்டறியும் வாய்ப்பு விஞ்ஞானத்துக்குத் தற்செயலாகவே கிட்டியது. 1822ஆம் ஆண்டு யூன் மாதம் 6ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் பிரதேசத்து மக்கினோ தீவில், உரோம வணிகக் கம்பனியொன்றின் பண்டசாலையில் துப்பாக்கியொன்று தவறுதலாக வெடித்தது. அலெக்சிஸ் சென் மாட்டின் என்னும் பிரெஞ்சுக் கனேடியத் தொழிலாளி படுகாயமுற்றார். படை மருத்துவரான வில்லியம் போமன்ற் அவருக்குச் சிகிச்சையளித்தார். உயிர் தப்பிய போதிலும், இரைப்பைக்கும் உடலின் வெளிப்புறத்துக்குமிடையே உண்டான துவாரம் மூடவில்லை. அத்துவாரத்தினூடாகவே போமன்ற் தமது பரிசோதனைகளை நடத்தினார்.

1825ஆம் ஆண்டு ஓகத்து மாதத்துப் பரிசோதனையொன்றில் அவர் சென் மாட்டினை 17 மணிநேரம் உண்ணாதிருக்கச் செய்து இரைப்பையின் வெப்பநிலையை அளந்தார். உண்ணாதிருக்கும் வேளையில் இரைப்பையிற் சமிபாட்டுச் சாறு தேங்கி நிற்பதில்லை என்பதும், உணவு உட்புகுந்தபின்னரே அது சுரக்கின்றதென்பதும் அவர் கண்ட முடிவுகளுட் சில. கோபமும் மன உளைச்சலும் இரைப்பையைப் பாதிப்பதையும் அவர் அவதானித்தார். 238 பரிசோதனைகளின் பேறுகள் 1833ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. சமிபாடு ஓர் இரசாயனத் தொழிற்பாடு என்னும் கருத்து இந்நூலால் வலுப்பெற்றது.

இவ்வாய்வு நடந்த சமூக உறவு கவனத்திற்குரியது. சென் மாட்டின் எழுத்தறிவற்ற கூலியாள். போமன்றின் வீட்டில் விறகு பிளந்தும் ஏவல் செய்தும் வாழ்ந்த அவர், 1832ஆம் ஆண்டு ஒப்பந்தமொன்றின்படி ஆண்டுக்கு 150 டொலர் ஊதியத்துக்குத் தமது உடலைப் பரிசோதனைக்கு உட்படுத்த உடன்பட்டார். உண்பதும் உண்ணாதிருப்பதும் அவருடைய விருப்பத்திலன்றிப் பிறிதொருவரின் கட்டளையில் தங்கியிருந்தன. 1834இற் கனடாவுக்குச் சென்ற அவர் பின்னர் போமன்றிடம் திரும்பவேயில்லை. 1880இல் அவர் இறந்தபோது, மருத்துவர்கள் உடலைக் கூறுபோடாதிருக்கும் பொருட்டு அது அழுகும்வரை காத்திருந்து ஆழக் குழிதோண்டிப் புதைத்தனர் அவருடைய குடும்பத்தினர். விஞ்ஞானத்தின் பொருட்டு உழைத்த இரைப்பையின் உரிமையாளர் அவ்விஞ்ஞானத்தைப் பற்றி வெளியிட்ட கருத்தாக இச்செயலைக் கொள்வதில் தவறில்லை.

3. காட்சிப் பொருளான பசி

சென் மாட்டின் இறந்த அதே 1880ஆம் ஆண்டில், ஹென்றி ரானர் என்னும் மருத்துவர் நியூயோர்க்கில் மக்கள் முன்னிலையில் 40 நாட்கள் உண்ணாதிருந்து புகழ்பெற்றார். இத்தாலியரான ஜியோவன்னி சுச்சி உபவாசத்தையே தொழிலாகக் கொண்டார். 1888இற் புளோரன்சு நகரில் அவர் இருந்த 30 நாள் உபவாசத்தை லுய்கி லூச்சியானி என்னும் உடற்றொழிலியலாளர் நாள்தோறும் அளந்து நூலாக்கினார். கட்டணஞ் செலுத்திய கூட்டத்தினர் பார்த்திருக்கப் பட்டினி கிடப்பது ஐரோப்பிய நகரங்களிற் பொழுதுபோக்காயிற்று. காவ்கா 1922இல் வெளியிட்ட பட்டினிக் கலைஞன் பற்றிய கதைக்குப் பின்னணி இத்தொழிலேயாகும். வேலையற்றோர் காட்சிக்கு வையாது பசித்திருந்த நகரங்களிலேயே இக்காட்சிகள் வருவாய் ஈட்டின என்பதை இவ்விடத்து நினைவுகூர்தல் தகும்.

இதன் தொடர்ச்சியாக 1912இல், மோல்ற்றாவைச் சேர்ந்த அகொஸ்தினோ லெவான்சின் பொஸ்ரன் நகரத்து ஆய்வுகூடமொன்றில் 31 நாட்கள் நீர் மாத்திரம் அருந்தி உபவாசமிருந்தார். அவருடைய உடலை அளந்த பிரான்சிஸ் பெனடிக்ற் 1915இல் விரிவான அறிக்கையொன்றை வெளியிட்டார். நீண்ட உபவாசத்தில் உடல் முதலிற் சேமித்த மாப்பொருளையும், பின்னர் பெரும்பாலும் கொழுப்பையும், கூடவே தசையின் புரதத்தையும் எரிக்கின்றதென்பது இத்தகைய ஆய்வுகளாற் படிப்படியாகத் தெளிவுற்றது. 1967இல் ஜோர்ஜ் கஹில் குழுவினர், நீண்ட பட்டினியின்போது மூளையும் கொழுப்பிலிருந்து பெறப்படும் கீற்றோன் பொருட்களைப் பயன்படுத்துகின்றதெனக் காட்டினர். உண்ணாத நாட்களில் மனிதன் உயிர்தரிக்கும் வழியை இக்கண்டுபிடிப்பு விளக்கியது.

4. வெறுங் குடல் ஓய்ந்திருப்பதில்லை

உபவாசத்தாற் சமிபாட்டு உறுப்புகள் ஓய்வு பெறுகின்றன என்பது இன்றும் பரவலாகக் கூறப்படும் கருத்து. இதனை மறுக்கும் முதற் சான்று இரசியாவிலே தோன்றியது. 20ஆம் நூற்றாண்டின் முதலாண்டுகளிற் பவ்லோவின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய வசீலி பொல்டிரெவ், உண்ணாதிருந்த நாய்களின் இரைப்பை அசைவற்றுக் கிடக்கவில்லை என்பதைக் கண்டார். ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை அது வலிமையான சுருக்கங்களை மேற்கொண்டு, பின்னர் அடங்கி, மீண்டுந் தொடங்கியது. 1912இல் ஐக்கிய அமெரிக்காவில் வோல்ரர் கனனும் வோஷ்பேணும், வோஷ்பேண் விழுங்கிய பலூனொன்றின் துணைகொண்டு, பசியுணர்வு தோன்றும் வேளைகளில் இரைப்பை சுருங்குவதைப் பதிவுசெய்தனர். சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் அன்ரன் கார்ல்சன் இவ்வாய்வை விரிவாக்கி 1916இல் நூல் வெளியிட்டார்.

இச்சுருக்கங்களின் முழு அமைப்பு 1969இலேயே வெளிப்பட்டது. அவ்வாண்டில் யோசப் சுர்செவ்ஸ்கி, நாயின் சிறுகுடலில் மின்னியக்க அலையொன்று மேலிருந்து கீழ்நோக்கிக் குடலின் முழு நீளத்தையும் கடந்து செல்வதையும், அது முடிவடையும் வேளையிற் புதிய அலையொன்று மேலே தொடங்குவதையும் காட்டினார். மனிதரில் இவ்வட்டம் பொதுவாக 90 முதல் 120 நிமிடங்களுக்கு ஒருமுறை நிகழும். அதன் வலிமைமிக்க கட்டம் சில நிமிடங்களே நீடிக்கும். அப்போது இரைப்பையின் கீழ்வாயில் திறந்திருக்கச் சமிபாடடையாத துகள்களும், உரிந்த கலங்களும், சளியும், பற்றீரியாக்களும் கீழ்நோக்கித் தள்ளப்படுகின்றன. வெறுவயிற்றில் நாம் கேட்கும் இரைச்சலில் ஒரு பகுதி இத்தொழிலின் ஒலியே. 1970களில் சார்ள்ஸ் கோட் இதனைக் குடலைக் கூட்டித் துடைக்கும் வீட்டுப் பணியாளுக்கு ஒப்பிட்டார். அதே காலப்பகுதியில் மோற்றிலின் என்னும் ஓமோன் இவ்வலையைத் தூண்டுவதில் வகிக்கும் பங்கும் அறியப்பட்டது. 1977இற் பெல்ஜியத்தில் வன்ற்றாப்பன் குழுவினர், சிறுகுடலிற் பற்றீரியா மிகையாகப் பெருகிய நோயாளர் சிலரிடத்து இவ்வலை இல்லாதிருந்தமையை அல்லது குலைந்திருந்தமையை எடுத்துக்காட்டினர்.

உணவு உட்கொள்ளப்பட்டதும் இவ்வட்டம் தடைப்பட்டு, கலக்கியும் அரைத்தும் உறிஞ்சச் செய்யும் வேறொரு அசைவு தொடங்குகின்றது. ஆகவே இடையறாது கொறிப்பவரின் குடலில், விழித்திருக்கும் வேளையில், துப்புரவு அலைக்கு வாய்ப்புக் குறைவு. பாலும் சீனியும் கலந்த தேநீரும் குடலைப் பொறுத்தவரையில் உணவே. இவ்விடத்து உபவாசத்தின் பயன் சரியான சொற்களாற் கூறப்படவேண்டும். அப்பயன் உறுப்புகளின் ஓய்விலிருந்து வருவதன்று. இரு உணவு வேளைகளுக்கிடையே குடல் தனது மற்றைத் தொழிலைச் செய்து முடிப்பதற்கான அவகாசத்திலிருந்து வருவது. முன்னுண்டது செரித்தபின் உண்க என்னும் பழைய அறிவுரைக்கு இவ்வாய்வுகள் உடற்றொழிலியல் விளக்கமொன்றைத் தருகின்றன. ஆனால் அவ்வவகாசத்துக்கு நாட்கணக்கான பட்டினி தேவையில்லை. முன்னிரவில் உணவை முடித்துக் காலையில் உண்பவருக்கும் இவ்வட்டம் பலமுறை நிகழ இடமுண்டு.

5. பட்டினியிலிருந்து பெற்ற பாடம்

அவகாசம் எவ்விடத்திற் பட்டினியாக மாறுகின்றது என்பதைக் காட்டியவை இரண்டாம் உலகப் போர்க்கால ஆய்வுகள். 1942இல் வார்சோ நகரின் யூதச் சேரியில் அடைக்கப்பட்டிருந்த மருத்துவர்கள், இசுரேல் மிலெய்கோவ்ஸ்கியின் தலைமையில், தம்மைச் சூழ மடிந்துகொண்டிருந்தோரின் பசிநோயை முறையாக ஆராய்ந்தனர். ஆராய்ந்தவரும் பசித்திருந்தனர். அவ்வாண்டு யூலையில் மக்கள் கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்படத் தொடங்கியதும் ஆய்வு நின்றது. மருத்துவர்களிற் பெரும்பாலோர் மாண்டனர். மறைத்துக் காப்பாற்றப்பட்ட கையெழுத்துப்படி 1946இல் நூலாக வெளிவந்தது. நாசி ஆட்சி திட்டமிட்டு உண்டாக்கிய பசியின் விளைவை உடலுறுப்பு ஒவ்வொன்றிலும் அது பதிவுசெய்துள்ளது.

1944–45இல் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ், போருக்குச் செல்ல மனச்சாட்சியின் பேரில் மறுத்த 36 இளைஞரைக் கொண்டு நடத்திய ஆய்வும் இங்கு நோக்கற்பாலது. 24 வாரங்கள் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கிலோகலோரி அளவான உணவை இரு வேளைகளாக உண்டனர். உடல் நிறையில் ஏறத்தாழக் காற்பங்கை இழந்தனர். சோர்வும் மனத்தளர்ச்சியும் உணவைப் பற்றிய ஓயாத எண்ணமும் அவர்களை ஆட்கொண்டன. இரு வேளை உணவென்பது தன்னளவில் நலமானதுமன்று, தீங்கானதுமன்று. அவ்விரு வேளையிலும் போதியது கிடைக்கின்றதா என்பதே வினா என்பதை இவ்வாய்வு தெளிவாக்குகின்றது. நெடும்பட்டினிக்குப்பின் திடீரென மிகுதியாக உண்பது உயிராபத்தை விளைவிக்கும் என்பதும் போர்க்கால அனுபவங்கள் உறுதிசெய்த உண்மையாகும்.

6. இன்றைய முடிபுகள்

இடைவிட்ட உபவாசத்தின் ஆய்வு வரலாறு இன்றைய நாகரிக நாட்டத்திலும் பழையது. மேலே குறிப்பிட்ட கார்ல்சனும் பிரெடெரிக் ஹோல்செலும் 1946இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று நாளுக்கொருமுறை உண்ணாதிருந்த எலிகளின் ஆயுள் ஆணிலே ஏறத்தாழ 20 சதவீதமும் பெண்ணிலே 15 சதவீதமும் கூடியதாகக் கூறினர். 2012இல் அமெரிக்காவின் சோல்க் நிறுவனத்து ஆய்வாளர், கொழுப்பு மிக்க உணவை 8 மணிநேரத்துள் உண்ட சுண்டெலிகள், அதேயளவு உணவை எந்நேரமும் உண்டவற்றைப் போற் பருக்கவில்லை எனக் கண்டனர்.

எலியிற் கண்டது மனிதரில் அவ்வாறே கிட்டவில்லை. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 116 பேரிடத்து 12 வாரங்கள் மேற்கொள்ளப்பட்ட 16 மணிநேர உபவாச முறை, வழமைபோல் மூவேளை உண்டோருடன் ஒப்பிடுகையில் நிறைக்குறைப்பிற் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைத் தரவில்லை. 2022இற் சீனாவின் குவாங்சோ நகரில் 139 பேரிடத்து ஓராண்டு நடந்த ஆய்வில், உணவின் அளவைக் குறைத்தோருக்கும், அதனுடன் உண்ணும் நேரத்தையும் 8 மணியாகச் சுருக்கியோருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. நேரம் சுருங்குவதால் உணவின் அளவும் சுருங்குமாயின் பயனுண்டு என்பதற்கு மேல் இவ்வாய்வுகள் இடந்தரவில்லை.

சமிபாட்டு நலனைப் பொறுத்தவரையிற் கூறக்கூடியவை சிலவே, ஆயினும் பயனுடையவை. உறங்கச் செல்வதற்கு இரண்டு மூன்று மணிநேரம் முன்னரே உணவை முடிப்பது இரைப்பை அமிலம் களத்துள் மேலெழும் தொல்லையைக் குறைக்க உதவும். இடையிடையே கொறிப்பதைத் தவிர்ப்பது துப்புரவு அலைக்கு வழிவிடும். மறுபுறத்தில், நீண்ட உபவாசத்திற் பித்தப்பை சுருங்காது பித்தம் தேங்குவதாற் கற்கள் தோன்றும் வாய்ப்புக் கூடுகின்றது. நீரிழிவுக்கு இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ பெறுவோர், கருவுற்றோர், பாலூட்டுவோர், வளரும் சிறுவர், ஏலவே மெலிந்தோர் ஆகியோர் மருத்துவ ஆலோசனையின்றி இதனை மேற்கொள்ளலாகாது. நம்மவர் 'கஸ்ரிக்' என்னும் ஒரு சொல்லால் வயிற்று நோய்கள் பலவற்றையும் சுட்டுவர்; நேரத்துக்கு உண்ணாமையே அதற்குக் காரணமென்றும், சிலர் உபவாசமே அதற்கு மருந்தென்றும் கூறுவர். இரைப்பைப் புண்ணின் முதன்மைக் காரணி பற்றீரியா ஒன்றென்பதை அவுஸ்திரேலியரான வொரனும் மார்சலும் 1980களில் நிறுவினர். 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதற்குரிய சிகிச்சை மருந்தேயன்றி உண்ணாமையோ அடிக்கடி உண்பதோ அன்று.

7. எவருடைய உபவாசம்?

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து முரணொன்று புலனாகின்றது. வெறுவயிறு பற்றிய அறிவிற் பெரும்பகுதி, தமது பசியைத் தாமே தீர்மானிக்க இயலாதோரின் அல்லது அதனை விற்றுப் பிழைத்தோரின் உடல்களிலிருந்து பெறப்பட்டது. அவ்வறிவின் பயனை இன்று நுகர்வோரோ, எப்போதும் உணவு கிட்டும் நிலையிலுள்ளோர். மிகையுணவு நோயாகிய சமூகப் பிரிவினருக்கு உபவாசம் மருந்தாகலாம். அதனைச் சமூகம் முழுமைக்கும் உரிய அறமாக உயர்த்தும்போது அது கருத்தியலாகின்றது. பட்டினிக்கு நோன்பின் பெயரைச் சூட்டுகின்றது.

நமது நாட்டின் அனுபவம் இதனை உணரப் போதுமானது. 1973–74 காலத்து உணவுத் தட்டுப்பாட்டின்போது மலையகத் தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது, ஏறத்தாழ 63 இலட்சம் மக்கள் உணவுப் பாதுகாப்பற்ற நிலைக்குத் தள்ளப்பட்டதாக ஐக்கிய நாடுகள் சபையின் உணவு அமைப்புகள் அவ்வாண்டிற் கணித்தன. வேளை உணவைத் தவிர்ப்பது அப்போது எண்ணற்ற குடும்பங்களில் வழமையாயிற்று. பிள்ளைக்கு ஊட்டிவிட்டுத் தாய் சீனியிட்ட தேநீருடன் வேளையைக் கழிப்பது நமது இல்லங்கள் அறிந்ததே. உண்ணாத மணிநேரங்களை மட்டும் கணக்கிட்டால் அத்தாயும் இடைவிட்ட உபவாசிகளுள் ஒருவராகவே எண்ணப்படுவார். கணக்கு ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. அவருக்கு அடுத்த வேளை உறுதியில்லை. உண்ணாத நேரத்தை ஈடுசெய்யும் உணவும் இல்லை.

ஆகவே உபவாசத்தின் நலன்களை மறுப்பது நமது கடனன்று. குடலின் இயல்பான தாளத்துக்கு இடமளிக்கும் உணவொழுங்கு விரும்பத்தக்கதே. நமது முன்னோரின் அனுபவ அறிவும் இன்றைய உடற்றொழிலியலும் அதில் உடன்படுகின்றன. ஆனால், உண்ணாதிருத்தல் நலந்தர வேண்டுமாயின் உண்ணும் வேளையிற் போதிய உணவு கிடைத்தல் வேண்டும். மெலிந்தோர்க்கு உபவாசத்தை விலக்கி ஊட்டத்தை விதித்த பண்டை மருத்துவர் நோயாளியின் உடலைப் பார்த்தே தீர்ப்பளித்தனர். இன்று உபவாசத்தை வற்புறுத்துவோர் உடலுடன் அவ்வுடல் வாழும் இல்லத்து அடுக்களையையும் பார்த்துத் தீர்ப்பளிப்பார்களாயின், மருந்தையும் பிணியையும் மயங்கக் கொள்ளும் தவறு நேராது.